சுவரைப் பார்த்து நின்றவர்

குடியிருப்போர் மன்றத் தலைவர் தேர்தலில் உறுப்பினர்கள் கை தூக்கும்போது, போட்டியிடுபவர்கள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். யார் யாருக்குத் தூக்கினார்கள் என்று தெரிந்து பகை வளரக் கூடாது என்பதற்காக மன்றத்தில் அப்படி ஒரு வழக்கம்.

அவளும் ஓர் உறுப்பினர். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் அவள் கணவர் தோற்றார். புது அடுக்குமாடிக்குக் குடிவந்த மருந்துக்கடைக்காரர் ஜெயித்தார்.

"ஏரியாவே மாறிப்போச்சு. இருமல் மருந்து விக்கிறவன் தலைவராம்," என்றார் கணவர், அவளோடு வீடு திரும்பும்போது. "புதுசா வந்தவங்க அவங்க ஆளுக்குத்தான் தூக்குவாங்க, அது நியாயம். நம்ம ஆள்ல எவனோ காலை வாரிட்டான். தையல்காரனா?"

"அவர் உங்களுக்குத்தான் தூக்கினார்."

"அப்போ உன் அண்ணன். சிரிச்சுக்கிட்டே கழுத்தறுக்கிற ஆளு."

"அண்ணனும் உங்களுக்குத்தான்."

"பின்ன எவன்டி? இந்தத் தடவை கவுன்சிலர் சீட்டு எனக்குன்னு கட்சியில பேச்சு இருந்துச்சு. சொந்த மன்றமே கைவிட்ட ஆளுக்கு இனி எவன் சீட்டு கொடுப்பான்?"

அவள் நின்றாள்.

"மருந்துக்கடைக்காரருக்குக் கை தூக்கினது நான்தாங்க. உங்களுக்கு இதெல்லாம் போதும்ங்க."

"நீயா?"

வேகமாக முன்னால் நடந்தார்.

தெருமுனையில் நின்றுவிட்டார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். அவள் வந்து முழங்கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் காதருகே குனிந்தார்.

"மன்றத் தேர்தல் நாளைக்குத்தானே? எவன் காலை வாரினாலும், நீ எனக்குத்தானே கை தூக்குவ?"

"உங்களுக்குத்தாங்க," என்றாள்.