ஒரு படி கீழே

எதிர்க்கடை வாசலில் மாமனார் கரும்பலகையை மறுபடியும் துடைத்தார். எண்ணெய் டின் விலையை இன்னும் குறைத்து எழுதிவிட்டு, சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

தெருவுக்கு இந்தப் பக்கம், தன் கடையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று மருமகன் பார்த்துக்கொண்டிருந்தான். கிழவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அவன் கடையில் காகித விலைச்சீட்டு கிடையாது. அலமாரி விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னத் திரைகள். வாசலுக்கு மேலே இருக்கும் கேமரா எதிர்க்கடைப் பலகையைப் படிக்கும். மறுநொடியே திரையில் விலை அதைவிட ஒரு படி கீழே இறங்கிவிடும்.

"எவ்வளவுக்குக் கீழ போகக் கூடாதுன்னு ஒரு எல்லை வச்சுடலாமா சார்?" என்று திரை பொருத்தியவர் கேட்டதற்கு, "அந்த ஆள் கடையைப் பூட்டுற வரைக்கும் இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டான்.

அந்த ஆளின் கடையில் சம்பளத்துக்கு நின்றவன்தான் அவன். பெண்ணைக் கட்டிய பிறகு பங்கு கேட்டபோது, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே மாமனார் சிரித்தார். "தராசைப் பிடிக்கத் தெரிஞ்சா முதலாளி ஆயிடலாமா மாப்பிள்ளை?" அந்தச் சிரிப்பு இன்னும் அவன் காதில் இருந்தது. எதிரிலேயே இடம் பிடித்துக் கடை போட்டதும் அதனால்தான்.

"உங்கப்பாவுக்கு ஒரு போன் போடு" என்றான், கல்லாவில் இருந்த மனைவியிடம்.

"என்னன்னு?"

"அவர் எவ்வளவு எழுதினாலும் என் அலமாரி அதுக்குக் கீழதான் காட்டும்னு சொல்லு. வீணா உடம்பைக் கெடுத்துக்காம, கடையைப் பூட்டிட்டுப் போய்ப் படுக்கச் சொல்லு."

"எவ்வளவு எழுதினாலுமா?"

"சும்மா தர்றேன்னு எழுதினாலும்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். "அவரோட பகைன்னா அவரோட வச்சுக்கணும். என்னை எதுக்கு நடுவுல தூது அனுப்புறீங்க?"

"போடுன்னா போடு."

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள். "சொல்லிட்டேன்" என்றாள்.

மாமனார் எழுந்து உள்ளே போனார். தொலைந்தது சனியன் என்று மருமகன் நினைப்பதற்குள் திரும்பி வந்து, பலகையைத் துடைத்து, விலையைப் பாதியாக்கினார். இவன் கடைத் திரைகள் ஒரு சிமிட்டுச் சிமிட்டிக் கீழே இறங்கின.

கூட்டம் வர ஆரம்பித்தது. எல்லாம் தெரியாத முகங்கள். சர்க்கரையையோ சோப்பையோ ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆளுக்கு இரண்டு கையிலும் டின்னைத் தூக்கிக்கொண்டு, பணத்தைக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். எதிர்க்கடைக்குள் ஒரு ஈ காக்கை நுழையவில்லை.

"நஷ்டம் ஏறிக்கிட்டே போகுதுங்க" என்றாள் மனைவி.

"ஏறட்டும். முதல்ல அவர் விழட்டும்."

மதியத்துக்கு மேல் கிடங்குப் பொறுப்பாளர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "சார், நாளைக்கு மாணவர் விடுதிக்கு அனுப்ப வேண்டிய டின் மட்டும்தான் மிச்சம் இருக்கு."

"அதையும் கொண்டுவந்து அடுக்குங்க. ஏஜென்ட்கிட்ட சொன்னா காலையில வேற வந்துடும்."

அதுவும் அடுக்கிய சூட்டோடு தீர்ந்தது. அலமாரி வழித்துத் துடைத்த மாதிரி ஆனபோதுதான் அவன் ஏஜென்ட்டை அழைத்தான்.

"கம்பெனியிலேயே சரக்கு இல்ல சார். அடுத்த வாரம்தான்."

விடுதி ஒப்பந்தத்தைப் பிடிக்க அவன் ஏறாத வாசல் இல்லை. ஒரு நாள் சரக்கு தவறினாலும் ஒப்பந்தம் ரத்து என்று கையெழுத்துப் போட்டிருந்தான். தெரிந்த கடைக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தான். யாரிடமும் அவ்வளவு டின் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் கண்ணாடிக் கதவு திறந்தது. கடை திறந்ததிலிருந்து வாசற்படி மிதிக்காத மாமனார் உள்ளே வந்தார். காலி அலமாரியில் இன்னும் விலை காட்டிக்கொண்டிருந்த திரைகளை நிதானமாகப் பார்த்தார்.

"விடுதிக்கு எண்ணெய் இல்லாம அல்லாடுறீங்கன்னு பொண்ணு சொன்னா. என்கிட்ட இருக்கு மாப்பிள்ளை. வேணும்கிற அளவுக்குத் தரேன்."

மருமகனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நாள் முழுக்க ஒரு டின்கூட விற்காமல், கடைசியில் தன்னிடமே வந்து நிற்கிறாரே.

"விக்காம தங்கிடுச்சாக்கும்?"

"தங்கிடுச்சுன்னே வச்சுக்குங்க."

"என்ன விலை?"

"காலையில கடை திறக்கும்போது நீங்க போட்டிருந்த விலை. அதுக்குக் குறைச்சு இல்ல."

பற்களைக் கடித்துக்கொண்டான். வேறு வழியில்லை. "சரி, இறக்கச் சொல்லுங்க" என்றான். ஆனால் அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. பில் போட இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்று குரலை உயர்த்தினான்.

"உங்க சரக்கை எப்படி நம்புறது? பிரிச்சுக் கலந்த எண்ணெயா இருந்து, சாப்பிட்ட பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பேர்தானே நாறும்?"

மனைவி கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டாள். மாமனார் கோபப்படவில்லை. சட்டைப் பையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"உங்க கடையில வாங்கினதுதான் மாப்பிள்ளை."