குழாயடியில் நின்ற சைக்கிள்

ஹேமநாத்தின் கைகள் இரண்டும் முழங்கை வரை பாவுக்குள் மாட்டியிருந்தன. விரல் இடுக்கெல்லாம் அரக்குச் சிவப்பில் பட்டு இழைகள். முள்ளிப்பட்டு நெசவாளர் தெருவே திரண்டு வந்து, கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தது.

"அசையாத, தம்பி. அசைஞ்சா மிச்சம் இருக்கறதும் அறுந்துபூடும்" என்றார் சின்னக்கண்ணு. அந்தப் பாவைத் தறியில் ஏற்றி நெய்ய வேண்டியவர் அவர்தான்.

மூன்று புடவைக்கான நீளவாட்டு இழை அது. விடிந்ததும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்திச் சுருட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் யார் வந்தாலும் வண்டியை விட்டு இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். வெளியூர்க்காரனுக்கு அது எங்கே தெரியப்போகிறது என்று ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டார்கள்.

ஹேமநாத்துக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கோடைக்கு ஒரு மாசம் லீவு போட்டு, பக்கத்து ஆரணியில் அத்தை வீட்டுக்கு வந்திருந்தான். காலையில் சைக்கிளை எடுத்தால் ஆற்றங்கரை, அரிசி மில், தெரு என்று சுற்றுவான். மனசுக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்து படம் வரைவான். ஞாயிற்றுக்கிழமையானால் படவேடு வரை மிதித்துவிட்டு வருவான். பைக் வாங்குகிற காசுக்குச் சைக்கிளை வாங்கி, அரை டிராயரோடு அலைகிறானே என்று ஊர் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவான்.

இப்போது அவன் சிரிக்கவில்லை.

நடந்ததைச் சின்னக்கண்ணு எல்லாருக்கும் சொன்னார். மனைவி சசிகலா கஞ்சி எடுக்க உள்ளே போயிருந்தாள். பாவைக் கட்டிய கம்பத்துப் பக்கம் இவர் மட்டும் காவல். தொம்மென்று சத்தம் கேட்டுத் தலையை நிமிர்த்தினால், பாதிப் பாவு மண்ணில் கிடக்கிறது, நடுவில் இவன் நிற்கிறான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் போய், தெருமுனைக் குழாயடியில் நின்ற அவனுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, குற்றவாளியின் கூட்டாளியைப்போல நடுத்தெருவில் நிறுத்தினார்.

அதற்குள் முதலாளி இராஜமாணிக்கம் வந்துவிட்டார். நூல் கொடுத்து நெய்து வாங்குகிறவர் அவர். தை மாசம் சின்னக்கண்ணுவிடம் ஒரு பாவு வீணானபோதே சொல்லியிருந்தார், இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளுக்குத்தான் வேலை என்று. சின்னக்கண்ணுவுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான்.

"நீ இன்னாய்யா பண்ணிகினு இருந்தே?" என்று முதலாளி அவரிடம் கேட்டார்.

"கண்ணு கொட்டாம பாத்துகினுதாங்க இருந்தேன். காத்தாட்டம் சைக்கிள்ள வந்து பூந்துட்டான்."

முதலாளி ஹேமநாத் பக்கம் திரும்பினார். அவன் கம்பத்தில் தொங்கிய கயிற்றைப் பார்த்தான். பிறகு சின்னக்கண்ணுவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாங்க. என் தப்புதான்."

எவ்வளவு நஷ்டமானாலும் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். முதலாளி கேட்கவில்லை. "காசா வந்து முடிச்சு போடும்? உக்காந்து அறுந்த இழைய எடுத்துக் குடு."

அன்றும் மறுநாளுமாக இரண்டு நாள் உட்கார்ந்தான். சிக்கைப் பிரித்து, அறுந்த நுனிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தான். சசிகலா முடிச்சுப் போட்டாள். பட்டு இழை கிழித்து அவன் விரலெல்லாம் சிவந்துபோனது. "மெதுவா இழு தம்பி, இது பிரேக் ஒயர் இல்ல" என்று சின்னக்கண்ணு சொல்லும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அவர் அந்தக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லச் சைக்கிளின் வேகம் ஏறிக்கொண்டே போனது. மறுநாள் மத்தியானத்துக்குள் அது வேலூர் பஸ் மாதிரி வந்து மோதியது.

"போதும்யா. அதான் ஒத்துகினானே" என்றாள் சசிகலா. அவரால் நிறுத்த முடியவில்லை. பேச்சை நிறுத்தினால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் பாவு பழையபடி சேர்ந்தது. முதலாளி வந்து தடவிப் பார்த்தார். "ம், நெய்யி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுத் தறியைப் பார்க்கப் போனார். சின்னக்கண்ணுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஹேமநாத் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். மறுநாள் காலை பெங்களூர் கிளம்புவதாகச் சொன்னான். பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒரு தாளைக் கிழித்து மடித்து அவரிடம் நீட்டினான்.

"இன்னா தம்பி, என் மூஞ்சியயா வரைஞ்சிருக்கே?" என்று சிரித்தபடி சின்னக்கண்ணு பிரித்தார்.

பென்சில் படம். கீழே நேற்றைய தேதி. குழாயடியில் உட்கார்ந்து வரைந்ததுபோல, ஓரத்தில் சைக்கிளின் ஹேண்டில்பார் தெரிந்தது. தெரு நீளத்துக்கும் பாவு ஒரு இழைகூட இறங்காமல் நின்றது. அந்தக் கடைசியில், கம்பத்தில் சாய்ந்து, முகவாய் மார்பில் படிய, வாய் பிளந்து ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் தலைக்கு மேலே கயிற்றின் முடிச்சு நெகிழ்ந்து தொங்கியது. அந்த இடத்தில் பென்சில் கோடு கிறுக்கலாக இழுபட்டு, பாதியில் நின்றிருந்தது. விழுகிற பாவைத் தாங்கிப் பிடிக்க அங்கிருந்து ஓடி வந்திருக்கிறான்.

சின்னக்கண்ணு தாளைப் பழையபடி மடித்தார். நிமிர்ந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

ஹேமநாத் பக்கத்து வீட்டு வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"முதலாளி கண்ணுல படாம வெச்சிக்கோங்கண்ணா."