இன்ஷாப்பின் பக்கம்

கட்டுகஸ்தோட்டைப் பகல் வெயில் பக்கத்து வீட்டு றிப்தாவின் பாயில் விழுகிறது. நான் வேவு பார்க்கவில்லை. என் ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். பலர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் இன்று சுஷிக்கான புளிப்பு வினாகிரிச் சோறு: கடற்பாசித் தாளில் சுருட்டிய வெள்ளரிக்காய் மக்கி, சோற்றுப் பிடிமேல் மீன் போர்த்திய நிகிரி. பச்சை மீனுக்குப் பயந்து சூரையைப் பொரித்தே வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி. தண்ணீர் ஜக்கில் சாய்ந்த போனுக்குள், ஒசாகாவில் சுஷி சுருட்டும் கணவன் இன்ஷாப் சிரிக்கிறான். “பொரிச்ச நிகிரியா? என்ட முதலாளி கண்டா அழுவான்.” “ஒங்கட பக்கத்த நான் தொடல்ல. வந்து திண்ணுங்க.” “இந்தப் பெருநாளைக்கும் லீவு இல்ல, றிப்தா. அதையும் நீயே தின்னு.” சஹனில் அவரவர் முன்னால் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். போன் அணைந்ததும் தட்டை மெல்ல அரைவட்டம் திருப்புகிறாள். இன்ஷாப்பின் பாதி இப்போது அவள் முன்னால். கைதான் நீள மாட்டேன் என்கிறது.