செங்கோடனின் வலது கால்

செங்கோடனின் வலது கால் மறுபடியும் ஆட ஆரம்பித்தது. மனைவி பழனாத்தாள் அவர் முழங்காலைப் பிடித்து அமுக்கினாள். கையை எடுத்ததும் திரும்ப ஆடியது.

"ஏனுங்க, கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா?"

"நானா ஆட்டறேன்? அது பாட்டுக்கு ஆடுது புள்ள."

முப்பத்து நான்கு வருடம் பல்லடம் பஸ்ஸை ஓட்டிய கால் அது. ரிட்டயர் ஆகி மூன்று வருடம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு மாதமாகத்தான் இந்தப் பாடு. உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, உதடு எதையோ முணுமுணுக்கிறது. சாயங்காலம் வாக்கிங் போனால் சட்டை வேர்வையில் நனைய வருகிறார், கேட்டால் பேச்சை மாற்றுகிறார். பழனாத்தாளுக்குத் தூக்கம் போயே போய்விட்டது. சூலூரில் எல்லா டெஸ்ட்டும் எடுத்து, இன்று கோயமுத்தூர் நரம்பு டாக்டரிடம் இழுத்து வந்துவிட்டாள்.

டோக்கனைக் கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் டாக்டர் மேக்னா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். முப்பது வயதுகூட இருக்காது. கோயமுத்தூர் மரியாதையே தனி என்று பழனாத்தாளுக்குப் பாதிப் பயம் போனது.

சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார்.

"எல்லாம் நல்லாத்தானுங்கம்மா இருக்குது. சின்ன வயசுல பழகி, வேலைக்குப் போனதும் உட்டுப்போட்ட ஆசை ஏதாச்சும் சாருக்கு இருக்குதுங்களா?"

"அவருக்கு என்ன கண்ணு ஆசை? பக்கத்து ஊட்டுச் சீனிவாசலு ரிட்டயர் ஆகிப்போட்டு கீபோர்டு கத்துக்கப் போனாரு. இந்த வயசுல இதெல்லாம் தேவைங்களான்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டுப்போட்டேன். எங்கூட்டுக்காரரு அதுக்கெல்லாம் போற ஆளே இல்லீங்க."

செங்கோடன் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தை அக்கறையாகப் பார்த்தார். டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினார்.

அது பழனாத்தாள் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு பேரும் எதையோ மறைக்கிறார்கள், பெரிய வியாதியாகத்தான் இருக்க வேண்டும்.

"எங்கிட்ட ஒளிக்காதீங்க கண்ணு. ஞாயித்துக்கெழமை பையன் பெங்களூர்ல இருந்து வாரான். அன்னைக்கே அட்மிட் பண்ணிப்போடலாமுங்க."

"ஞாயித்துக்கெழமை ஆகாது." செங்கோடனும் டாக்டரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"அதுவரைக்கும் தாங்க மாட்டாருங்களா?" பழனாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஸ்டீயரிங்கப் புடிச்சே இவரு காலம் போயிருச்சு கண்ணு. இந்த மனுசன் சந்தோசமா இருந்து நான் ஒரு நாளு பார்த்ததில்ல."

செங்கோடனின் கால் சட்டென்று நின்றது.

"சொல்லிருங்க அம்மணி," என்றார் தலையைக் குனிந்தபடி.

பழனாத்தாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். டாக்டர் ஃபைலை ஓரமாகத் தள்ளினார்.

"அன்னைக்கு எங்க வள்ளிக்கும்மி ஆட்டம் அரங்கேத்தமுங்கம்மா, எங்க வாத்தியாரே இவருதானுங்க."