ஆமை சுமந்த குடைகள்

மழை மூட்டம் போட்டதும் முயலம்மா வளையை விட்டு வெளியே ஓடி வந்தாள். வளைக்குள் மூன்று பச்சிளங் குட்டிகள். மர உச்சியில் கடை வைத்திருந்த காகத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வளை வாசலை மூட ஒரு காளான் குடை அனுப்புங்க."

"ஒரு கிழங்கு விலை. அஞ்சு கிழங்குக்கு வாங்கினா ஒண்ணு தள்ளுபடி, பத்துக்கு வாங்கினா மூணு!"

மூன்று கிழங்குத் தள்ளுபடியை விட்டுவிட மனமில்லாமல் பத்துக்குச் சொன்னாள்.

சுமந்து வருவது ஆமை. மழை கொட்டி ஓய்ந்து, குட்டிகள் நனைந்து தும்மத் தொடங்கிய பிறகே அது வந்து சேர்ந்தது.

"இத்தனை நாளா?"

"ஒத்தக் குடைன்னா அன்னைக்கே வந்திருப்பேன், தாயி. பத்துக் குடை முதுகை முறிக்குது."

"சரி, அவசரமா ஒரு சளி மருந்து அனுப்பச் சொல்லு."

"சொல்றேன். அதுக்கும் அஞ்சு கிழங்குக்கு வாங்கினா ஒண்ணு தள்ளுபடியாம்."

முயலம்மாவின் காது விடைத்தது.

"பத்துக்கு?"