இரண்டாவது வளைவு

“தப்புப் பண்ணினா கம்ப்யூட்டரும் முட்டி போடணுமாப்பா?”

பள்ளி விட்டதும் நேரே ஸ்கேன் அறைக்கு வந்து, மூலையில் வீட்டுப்பாடம் எழுதும் பாப்பா ஒருமுறை கேட்ட கேள்வி அது. “கம்ப்யூட்டர் போடாது கண்ணு. சொல்லிக்கொடுத்தவங்கதான் போடணும்” என்றார் ஸ்கேன்காரர்.

சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஐந்து வருடமாக, வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து, பழைய நோயாளிகளின் இதயப் படங்களை ஒவ்வொன்றாகத் திறப்பார். ரத்தக்குழாய் எங்கே சுருங்கியிருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டுவார். அதைப் பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது. குழாயின் இரண்டாவது வளைவை மட்டும் அவர் லேசில் விடமாட்டார்.

“வீடு வாசல் இல்லையா உங்களுக்கு? பாப்பாம்மா திட்டமாட்டாங்க?” என்று புது நர்ஸ் கேலி செய்வாள்.

“அவ எதுக்குமே திட்டினதில்லம்மா” என்பார்.

அன்று டாக்டர் அவசரத்தில் இருந்தார். அவரும் அந்த ஆஸ்பத்திரிக்குப் புதுசு. திரையில், தையல் வேலை செய்யும் ஒரு அம்மாவின் இதயம்.

“சுத்தமா இருக்கு. வாய்வுத் தொல்லைதான். வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

கம்ப்யூட்டர் இரண்டாவது வளைவில் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

“அதுக்கு எங்க பாத்தாலும் அடைப்பு. உங்ககிட்ட படிச்சதாச்சே” என்று டாக்டர் சிரித்தார்.

ஸ்கேன்காரர் சிரிக்கவில்லை. “சார், கும்பிட்டுக் கேக்கறேன். இன்னொரு தரம் பாருங்க.”

படத்தை மெல்லத் திருப்பினார். வேறு கோணத்தில், அந்த வளைவில் ரத்தம் மயிரிழையாக ஓடுவது தெரிந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர் ஸ்டென்ட் என்று கம்ப்யூட்டர் அளந்து கொடுத்தது. மதியத்துக்குள் குழாய் திறக்கப்பட்டது. அந்த அம்மாவின் பிள்ளைகள் வராந்தாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“நீங்க மட்டும் சொல்லலன்னா அனுப்பியிருப்பேன். இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?” என்றார் டாக்டர்.

திருடி மாட்டிக்கொண்டவரைப் போல ஸ்கேன்காரர் தலை குனிந்தார். “புண்ணியமெல்லாம் கம்ப்யூட்டருக்கு சார்.”

எல்லோரும் போனபின் கதவைச் சாத்தினார். கம்ப்யூட்டருக்கு முதன்முதலில் பாடமாகக் கொடுத்த படத்தைத் திறந்தார். இரண்டாவது வளைவில், அவர் காலம் தாழ்ந்து போட்ட சிவப்புக் கோடு. அடியில், படம் எடுத்த அன்றைக்கே அவர் எழுதிய குறிப்பு: ‘அடைப்பு இல்லை.’

திரைக்கு முன்னால் மெல்ல முட்டி போட்டார்.

“உன்னை அனுப்பின மாதிரி இவங்கள வீட்டுக்கு அனுப்பல, பாப்பாம்மா.”