சோப்பு சாரின் கீபோர்டு

“கிட்ட வராதே! முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வா!”

டேட்டாபேஸைக் கவனிக்கும் அந்தப் பெண் இன்று கை கழுவப் போவது இது மூன்றாவது முறை. பிரிவுத் தலைவருக்கு ஆபீஸ் வைத்த பெயர் சோப்பு சார். கேன்டீன் மேசையைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். பல வருஷமாகத் தன் இடத்திலேயே உட்கார்ந்து, ரஸ்க்கைக் கடித்துக்கொண்டே வேலை பார்ப்பார். அவர் கீபோர்டை வேறு ஒருவரும் தொடக் கூடாது.

அறை மூலையில் இருந்த சர்வர் கம்ப்யூட்டர் காலையிலிருந்து அவரை உள்ளே விடவில்லை. கறுப்புத் திரையில் கட்டளை அடித்தார், பெயர் அடித்தார், பாஸ்வேர்டு அடித்தார். பாஸ்வேர்டு அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. ஒன்பதாவது தடவையும் ‘அனுமதி இல்லை’ என்றே வந்தது.

“பாஸ்வேர்டை மாத்திட்டியா?”

“இல்ல சார், எட்டுல முடியுமே, அதேதான். என் மெஷின்ல இப்பக்கூட உள்ளே போகுது. வந்து பாருங்க.”

“எச்சில் கையோட நீ தட்டுற கருமத்தை நான் தொடணுமா? சீ!”

அவளுக்கு இன்றோடு ஆறு மாதச் சோதனைக் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்பது அவர் கையில். ‘சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றுகிறாள், இவள் வேண்டாம்’ என்று மேனேஜருக்கு மெயில் தட்டினார். விவரம் வேண்டுமென்றால் தன் எக்ஸ்டென்ஷன் பதினெட்டில் கூப்பிடச் சொல்லி, திரும்பிக்கூடப் படிக்காமல் அனுப்பினார். அவள் கண் கலங்கி நின்றாள்.

பத்து நிமிஷத்தில் மேனேஜரே இறங்கி வந்தார்.

“என்ன சார், எக்ஸ்டென்ஷன் ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க? கூப்பிட்டா வாட்ச்மேன் எடுக்கறாரு!”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “தொடாதே!” என்று சோப்பு சார் அலறுவதற்குள் கீபோர்டைத் தூக்கிக் கவிழ்த்து, மேசைமேல் நாலு தட்டுத் தட்டினாள்.

பல வருஷத்து ரஸ்க் தூள் கறுத்துப் பிசுபிசுத்துக் கொட்டியது. எட்டாம் நம்பர் விசைக்கு அடியிலிருந்து ஒரு குட்டிக் கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது.

மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டார். “உவ்வே... உன் வேலை உனக்குத்தாம்மா!”

சோப்பு சார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“சார், நானே போய்க் கையைக் கழுவிட்டு வந்துடறேன்.”